பிடித்தம் எவ்வளவு?

பாடி சந்திப்பிலிருந்து மேற்கே ஆவடி போகும் சி.டி.எச். சாலைப் பக்கம் ஒரு லாரிக்கு வேண்டிய பொருள்களில் பாதியைச் செய்துவிடுகிறார்கள். 1960-ல் தொடங்கிய வீல்ஸ் இந்தியாவில் சக்கரம், 1962-ல் வந்த பிரேக்ஸ் இந்தியாவில் பிரேக், லூகாஸ் டி.வி.எஸ்.ஸில் ஸ்டார்ட்டர். அம்பத்தூரில் டன்லப் ஆலை ஓடிய காலத்தில் டயரும் இங்கிருந்தே போனது. வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்டும் தென்மேற்கே ஒரகடத்தில் பாரத் பென்ஸும் முழு வண்டியையே பூட்டி வெளியே அனுப்புகின்றன. இத்தனை லாரி பிறக்கும் வட்டாரத்தில், புதிதாக ஹெவி லைசென்ஸ் வாங்கிய பையன் எந்தக் கம்பெனியில் முதலில் ஏறுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. என் அக்கா மகனுக்காக, பாடியில் தொடங்கி பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டை வரை, அவன் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன்.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. வீடு திருநின்றவூரில். சரக்கு வண்டி ஓட்ட இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும்; ஹெவிக்கு எல்.எல்.ஆர். போடவே இலகு ரக லைசென்ஸ் கைக்கு வந்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அந்தக் காலம் முழுக்க அவன் குட்டி யானையில் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தான். ஹெவி பழகியது ஒரு டிரைவிங் ஸ்கூலின் பழைய லாரியில், அதுவும் காலி வண்டியில். “லோடு ஏத்துன வண்டியை நான் இன்னும் தொட்டதே இல்ல மாமா” என்று வழியில் சொன்னான். லைசென்ஸ் ஐந்தாண்டுக்குச் செல்லும். சட்டப்படி அவன் நாளைக்கே பத்துச் சக்கர வண்டியில் இரும்பு ஏற்றிக்கொண்டு நாக்பூர் கிளம்பலாம். அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அவன் போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். கம்பெனி பெயர், பக்கத்தில் சம்பளம். நண்பர்கள் சொன்னது, சுவரொட்டியில் பார்த்தது, டீக்கடையில் காதில் விழுந்தது. சம்பளம் அதிகமானது மேலே, குறைவானது கீழே. ட்ரெய்லர் வண்டிகள்தான் மேலே இருந்தன.

அம்பத்தூர் தொழிற்பேட்டை அறுபதுகளில் உருவானது. இப்போது ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்களில் ஐ.டி. கம்பெனிகள், அதே தெருவின் மறுபக்கம் பிரஸ் ஷாப், ஃபோர்ஜிங், பிளாஸ்டிக் மோல்டிங். வாசலுக்கு வாசல் ஈச்சரும் 407-ம் தோஸ்தும் பின்பக்கமாக நிற்கின்றன. இங்கே ஏறும் சரக்கில் பெரும்பகுதி கார், லாரி ஆலைகளுக்குப் போகும் உதிரிபாகம். ஆலைகள் கிடங்கில் குவித்து வைப்பதில்லை. அசெம்பிளி லைனுக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு மட்டும் வந்து சேர வேண்டும். தூரம் அதிகமில்லை, ஒரகடமோ ஸ்ரீபெரும்புதூரோ. மிஞ்சினால் ஓசூர். ஆனால் நேரம் கழுத்தில் கத்தி. ஒரு பெட்டி தாமதமானால் அங்கே லைன் நின்றுவிடும் என்று சப்ளையர் கத்துவார். சப்ளையர் லாரி முதலாளியிடம் கத்துவார். முதலாளி கத்துவது யாரிடம் என்று சொல்லத் தேவையில்லை.

ஏறி இறங்கிய லாரி ஆபீஸ்களில் முதல் கேள்வி ஒன்றேதான்: “எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா? ரெண்டு வருஷமாவது வேணும்.” வண்டி கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று இவன் கேட்டான். பதில் சொல்லாமல் அடுத்த போனை எடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. முப்பது நாற்பது லட்ச ரூபாய் வண்டியை முன்பின் தெரியாதவனிடம் கொடுக்கப் பயப்படுவது இயல்புதான். ஆனால் முன்பு இதற்கு ஒரு வழி இருந்தது. கிளீனராக ஏறுவான். தார்ப்பாய் போர்த்துவான், கயிறு இழுப்பான், நிறுத்தும் இடமெல்லாம் இறங்கி டயரைத் தட்டிப் பார்ப்பான். எந்த மேட்டுக்கு எந்த கியர், எந்த இறக்கத்தில் பிரேக்கை நம்பக் கூடாது என்பதையெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே கற்றுக்கொள்வான். கிளீனர் கூலி கட்டுப்படியாகவில்லை என்று ஒவ்வொரு முதலாளியாக நிறுத்தினார்கள். நேஷனல் பர்மிட் லாரியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018-ல் போனது. பக்கத்து சீட் காலியாகிவிட்டது. லாரித் தொழிலின் பள்ளிக்கூடம் அந்த சீட்தான்.

சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் நடத்தும் கனரக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. முடிந்தவர்கள் அங்கே போய்வந்த பிறகு கம்பெனி தேடுவதுதான் நல்லது என்பேன். இவன் வீட்டில் ஒரு மாதம் வருமானம் நின்றாலும் தாங்காது.

தொழிற்பேட்டையின் உள்தெரு ஒன்றில், லோடு ஏறுவதற்காக மரநிழலில் காத்திருந்த ஒரு டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தோம். சங்ககிரிப் பக்கத்துக்காரர், கொரட்டூரில் குடியிருக்கிறார், தலை முழுக்க நரை. இவன் போனை நீட்டிப் பட்டியலைக் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

“தம்பி, எல்லாரும் சம்பளம் எவ்ளோன்னு கேட்டுட்டு ஏறிடுறாங்க. பிடித்தம் எவ்ளோன்னு ஒருத்தனும் கேக்குறதில்ல. ஏறுற அன்னிக்கே அதைக் கேளு.”

“என்னென்ன பிடிப்பாங்கண்ணே?”

அவர் சொல்லிக்கொண்டே போனார். டீசல், டேமேஜ், மூட்டை குறைந்தால் ஷார்ட்டேஜ், லேட்டானால் பார்ட்டி போடும் அபராதம், போலீஸ் கேஸ், டயர். சில இடத்தில் வண்டி செட்டில் நிற்கும் நாளுக்குச் சம்பளமே கிடையாது. அதுவும் பிடித்தம்தானே என்றார்.

டீசலை மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்க வேண்டும் என்று ஆபீஸ் வைத்திருக்கிறது என்று கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு 250 லிட்டர். புது டிரைவர் கியரைத் தப்பாகப் போடுவான், தேவையில்லாமல் பிரேக் அடிப்பான், நெரிசலில் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே நிற்பான். 3.8 கொடுத்தாலே நல்ல கை என்பேன். அதற்கு 263 லிட்டர் ஆகும். பதின்மூன்று லிட்டர் கூடுதல். லிட்டர் 92 ரூபாய் என்றால் ஏறக்குறைய 1,200 ரூபாய் அவன் கணக்கில் ஏறும். மாதத்தில் ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஏழாயிரத்துக்கு மேல் போய்விடும். பட்டியலில் மேலே இருந்த கம்பெனிக்கும் கீழே இருந்த கம்பெனிக்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவு இல்லை.

புதிதாக ஓட்டுபவனால் நஷ்டம் வருவது நிச்சயம். கண்ணாடி உரசும். ரிவர்ஸ் எடுக்கையில் பம்பர் போய்த் தூணில் முட்டும். வழி தப்பும். இ-வே பில் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்ற கணக்கில்தான் செல்லும்; வழி தப்பியோ வண்டி பழுதாகியோ அதன் கெடு முடிந்துவிட்டால் அதற்கும் அபராதம் உண்டு. இவையெல்லாம் தொழில் கற்பதற்கு ஆகும் செலவு. அந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவன் எப்படிப்பட்ட டிரைவராக வருவான் என்பது இருக்கிறது. அவன் கணக்கில் எழுதினால், போன பணத்தைப் பிடிக்க அடுத்த டிரிப்பில் தூக்கத்தைக் குறைப்பான். பிரேக்கில் சத்தம் வந்தால் ஆபீஸுக்குச் சொல்ல மாட்டான். உன்னால்தான் என்று பிடித்துவிடுவார்களே. மறைப்பதும் விரட்டுவதும் முதல் வருஷத்திலேயே கையோடு ஒட்டிக்கொள்ளும். கம்பெனி தன் கணக்கில் எழுதிக்கொண்டால், அது தன் பணத்தைக் காப்பாற்றவாவது அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

அம்பத்தூர் ஓ.டி. தாண்டி, திருமுல்லைவாயில் தாண்டி ஆவடிக்குள் நுழைந்தோம். 1955-ல் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஊர். அதே காலத்தில் டியூப் புராடக்ட்ஸ் இங்கே வந்தது. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை. விஜயந்தாவில் தொடங்கி டி-90 வரை டாங்கிகள் இங்கிருந்துதான் போகின்றன. ஆவடியில் நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து அரிசி மூட்டை ஏற்றும் வண்டிகளைப் பற்றி டீக்கடையில் விசாரித்தோம். மூட்டை லோடுக்குப் பெரிய அனுபவம் கேட்பதில்லை என்றார்கள். எடை குறைந்தால் யார் பொறுப்பு என்று இவனே கேட்டான். இறக்குகிற இடத்தில் மூட்டையை எண்ணிக் கையெழுத்து வாங்காமல் நகர்ந்தால் உன் தலையில்தான் விழும் என்று ஒருவர் சொன்னார். இவன் போனில் சம்பளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வரி எழுதத் தொடங்கியிருந்தான்.

ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு, காடுவெட்டி வழியாகப் பூந்தமல்லி போகும் சாலையில்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. தண்ணீர் டேங்கர் லாரிகள். குழாய் எட்டாத அடுக்குமாடிகளுக்கெல்லாம் தண்ணீர் இப்படித்தான் போகிறது. கூடவே ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள். புதிதாக லைசென்ஸ் வாங்கியவனை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றிக்கொள்வது இந்த இரண்டும்தான். வழியில் நிறுத்திய இடத்தில் ஒரு டேங்கர் டிரைவர், இவன் வயதுதான் இருக்கும், “இன்னிக்கே வா, சாவி தரச் சொல்றேன்” என்றான். நடைக்கு இவ்வளவு என்று கூலி. நடை கூடினால் காசு கூடும். ஆகவே எல்லோரும் பறக்கிறார்கள்.

டேங்கர் ஓட்டுவது சுலபமில்லை. பாதி நிரம்பிய டேங்கில் தண்ணீர் அலையடிக்கும். பிரேக் அடித்ததும் வண்டி நிற்கும், உள்ளே தண்ணீர் நிற்காது. அது முன்னால் வந்து இன்னொரு தள்ளு தள்ளும். வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கிச் சாய்க்கும். பள்ளி விடும் நேரத்தில் குறுகலான தெருவில் அந்த வண்டியைத் திருப்புவது இருபது வருஷ டிரைவருக்கே சோதனை. டிப்பரில் இன்னொரு ஆபத்து, ஓவர்லோடு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஏற்றச் சொன்னது முதலாளியாக இருந்தாலும் சாலையில் பிடிபடுவது டிரைவர். முதலாளிக்குத் தெரிந்தோ அவர் சொல்லியோதான் அது நடந்தது என்று நீதிமன்றம் கருதலாம் எனச் சட்டத்தின் 113-வது பிரிவில் இருக்கிறது. சாலையோரத்தில் நிற்கும் பையனுக்கு அந்தப் பிரிவை யார் சொல்லித் தருவார்கள்? முதல் வேலையாக டேங்கரும் டிப்பரும் வேண்டவே வேண்டாம் என்று நான் அவனிடம் கறாராகச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. ஆனால் அந்த டேங்கர் பையனுக்கு இதைச் சொல்ல ஒரு மாமா இருந்திருப்பாரா என்று கேட்டான்.

பூந்தமல்லியில் பெங்களூர் நெடுஞ்சாலை, எண் 48, குறுக்கே வருகிறது. பகலில் கனரக லாரிகள் சென்னை நகருக்குள் போக முடியாது. பொழுது சாயும்வரை நசரத்பேட்டையிலும் வெளிவட்டச் சாலையின் ஓரங்களிலும் வரிசையாக நிற்கின்றன. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் அந்தச் சாலை ட்ரெய்லர்களுக்குப் பெரிய உதவி. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு நகரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். சென்னைத் துறைமுகத்துக்கு அப்படி ஒரு வழி இன்னும் இல்லை. மதுரவாயல்–துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. கூவத்தில் தூண்கள் வெறுமனே நின்றன. 2022-ல் ஈரடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல். இந்தத் தாமதத்தின் விலையை அதிகம் கொடுத்தவர்கள் கன்டெய்னர் டிரைவர்கள். ராயபுரம், எண்ணூர் பக்கத்து வரிசைகளில் அவர்கள் காத்துக் கிடந்த நேரத்துக்குக் கணக்கே இல்லை.

நசரத்பேட்டையில் ட்ரெய்லரின் நிழலில் சமைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எங்களையும் உட்காரச் சொன்னார்கள். சோறும் கருவாட்டுக் குழம்பும். பட்டியலில் முதலில் இருந்த சம்பளம் உண்மைதானா என்று கேட்டோம். உண்மைதான், ஆனால் அது பத்து நடை ஓடினால் வரும் சம்பளம் என்றார் மூத்தவர். நடை என்பது டிரைவர் கையில் இல்லை. துறைமுக வாசல் கையில், கிடங்கின் கையில் இருக்கிறது. கன்டெய்னர் காத்திருந்தால் முதலாளி பார்ட்டியிடம் ஹால்டிங் காசு வாங்குகிறார். அதில் டிரைவருக்குப் பங்கு உண்டா என்று கேட்டேன். இளையவர் சிரித்தார், மூத்தவர் சிரிக்கவில்லை. “முன்னாடி ஒரு முதலாளி பாதி கொடுத்தார். அவர்கிட்ட எட்டு வருஷம் ஓட்டினேன்” என்றார்.

காத்திருப்பும் வேலை நேரம்தான். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்தது: நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48, நெடுந்தூர ஓட்டத்துக்கு அனுமதி பெற்று நாளுக்குப் பத்து வரை. இப்போது அது 2020-ம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்ந்துவிட்டது. அந்தப் பழைய சட்டம் பொருந்தியது ஐந்து தொழிலாளர் அல்லது அதற்கு மேல் வைத்திருந்த நிறுவனங்களுக்கு. நம் நாட்டில் பெரும்பாலான லாரிகள் நாலைந்து வண்டிக்கு மேல் இல்லாத சிறு முதலாளிகளுடையவை. அறுபது ஆண்டுகளாக இந்தச் சட்டத்தின் பெயர்கூடத் தெரியாமல் பல லட்சம் பேர் ஓட்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் சரக்கு லாரி டிரைவர் பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு, மொத்தம் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வண்டியில் பொருத்திய மின்னணுக் கருவி அதைப் பதிவு செய்கிறது. ஆபீஸ் சொன்னாலும் மாற்ற முடியாது. நம் வண்டிகளிலும் ஜி.பி.எஸ். வந்துவிட்டது. அது வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்குச் சொல்கிறது. டிரைவர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை என்பதையும் அதே கருவியை வைத்துக் கணக்கிடலாம். கணக்கிடும் கம்பெனி கிடைத்தால் சம்பளம் குறைவென்றாலும் ஏறிவிடலாம்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைக் கடந்து இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் ஆலை, நீள நீளமான கார் ஏற்றும் வண்டிகள். பெரிய கம்பெனிகளின் ஆபீஸ்கள் இங்கே இருக்கின்றன. வண்டிகள் புதியவை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம், சித்திரை வெயிலில் இன்ஜின் சூட்டோடு உட்கார்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பெரிய கம்பெனிதான் பாதுகாப்பு என்று அக்கா சொல்லியனுப்பியிருந்தாள். பாதியளவு அது சரி. பி.எஃப். உண்டு. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, வேலையில் விபத்து நேர்ந்து இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும். ஆனால் வாசலில் நின்ற டிரைவர்களிடம் விசாரித்தால் பலர் அந்தக் கம்பெனியின் ஆட்களே இல்லை. சட்டையில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் கான்ட்ராக்டர் பெயர். சிலருக்குச் சீட்டே இல்லை. ஓர் ஆபீஸில், சேர்ந்த அன்றே ஒரிஜினல் லைசென்ஸைக் கொடுத்துவிட வேண்டும், வேலையை விடும்போது திரும்பத் தருவோம் என்றார்கள். சாலையில் டிஜிலாக்கரைக் காட்டினால் போதும் என்று சமாதானமும் சொன்னார்கள். இவன் கார்டைச் சட்டைப் பையில் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்துவிட்டான். நான் எழும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

திரும்பும் வழியில் திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டைக்குள் போகலாம் என்றது அவன்தான். பட்டியலின் கடைசியில் இருந்த பெயர். ஒரு தகரக் கொட்டகை, ஏழெட்டு ஈச்சர், இரண்டு பத்துச் சக்கர வண்டி. முதலாளி லுங்கியோடு ஒரு வண்டியின் அடியில் படுத்திருந்தார். அவரும் பழைய டிரைவர். சம்பளம் சொன்னார், டேங்கர் பையன் சொன்னதைவிடக் குறைவு. முதல் மூன்று மாதம் மூத்த டிரைவரோடு பக்கத்து சீட்டில், ஒரகடம், ஓசூர் லைன் லோடு, பேட்டா தனி, இ.எஸ்.ஐ. உண்டு. வழக்கப்படி நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் இவன் போனைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டான்: டீசல் குறைந்தால், கண்ணாடி உடைந்தால், பார்ட்டி அபராதம் போட்டால், பிரேக்கில் சந்தேகம் வந்து நான் வண்டியை எடுக்க மாட்டேன் என்றால்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். டீசலுக்கு முதல் ஆறு மாதம் கணக்கில்லை. அதற்குப் பிறகு குறைந்தால் அவரே கூட உட்கார்ந்து ஒரு நடை ஓட்டிப் பார்ப்பார். லைன் அபராதம் கம்பெனியுடையது. குடித்துவிட்டு ஓட்டினால் அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். டேமேஜுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

“இன்சூரன்ஸ் எதுக்குக் கட்டுறேன்? உடனே போன் பண்ணி உள்ளதைச் சொல்லிட்டா உங்கிட்ட ஒரு பைசா பிடிக்க மாட்டேன். மறைச்சு வந்து நிறுத்தினா, சத்தியமா முழுசாப் பிடிப்பேன்.”

இவன் அதையும் எழுதிக்கொண்டான். பிரேக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று நினைவுபடுத்தினான். “வண்டிய நிறுத்து. மெக்கானிக்க நான் அனுப்புறேன்” என்றார் அவர். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, லைசென்ஸ் நகலும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.